பையை எடுத்தாச்சு

முதலில் ரத்தம்தான். காலையில் வெளிக்கிப் (மலம் கழிக்க) போய்விட்டுத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் சிவந்து ஓடியது. வலி இல்லை. மிளகாய்க் கொல்லையில் குனிந்தே வேலை பார்க்கிற உடம்பு, சூடு ஏறியிருக்கும் என்று நினைத்தேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மோர் குடித்தேன். நிற்கவில்லை.

எங்கள் ஊர் திருப்புல்லாணிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். ஆண் டாக்டர். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"கீழ ரத்தம் படுது" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வோம். தொப்புளுக்குக் கீழே எல்லாமே 'கீழ'தான். தனித்தனியாகப் பேர் சொல்ல வாய் வராது. டாக்டர் வயசைக் கேட்டார். நாற்பத்தேழு என்றேன். விலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதினார். எந்த வழியாக என்று அவர் கேட்கவில்லை. மிளகாய் பறித்து முடிக்கும் வரைக்கும் அந்த மாத்திரையைத் தின்றேன்.

அதற்குள் மலம் மெலிந்து வர ஆரம்பித்தது. போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கும். ரவிக்கை தொளதொளவென்று ஆனது. இப்படி இருந்தால் யாரும் வெந்தயத்தோடு நிற்க வேண்டாம். போய்க் காட்டுங்கள். எந்த வழியாக ரத்தம் வருகிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டர்தான் கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. மதுரைக்குச் சீட்டு எழுதினார்.

மதுரை ஆஸ்பத்திரியில் கொலோனோஸ்கோப்பி (பின்வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்ஸி (கட்டியில் துளி சதை கிள்ளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று நர்ஸ் வெளியே வந்து, "பேஷண்டு கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்தார். நானும் எழுந்தேன். "நீங்க உக்காருங்கம்மா" என்றார் நர்ஸ்.

உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போனார். கதவு வெகு நேரம் திறக்கவில்லை. வந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன சொன்னாக?"

"குடல்ல கட்டியாம்."

"எந்தக் குடல்ல?"

"குடல்னா குடலுதான். எடுத்துருவாக. பயப்படாத."

"எடுத்துட்டா வெளிக்கிப் போறது?"

"வயித்துல ஒரு பை ஒட்டுவாக, அதுல வந்துரும். கொஞ்ச நாளைக்கித்தான். கம்மாயில மடை வேலை பார்க்கையில தண்ணிய வேற பக்கம் வெட்டி விடுறமுல்ல, அது மாதிரி. மடை சரியானதும் பையை எடுத்துருவாக. பழையபடி போகலாம்."

நன்றாகப் புரிந்தது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைத்தேன். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் கரண்டு வைத்தார்கள். ஊரில் அப்படித்தான் சொல்கிறோம் (கதிர்வீச்சால் கட்டியைச் சுருக்குவது). கரண்டு என்றாலே கேன்சர்தான், அது எனக்கும் தெரியும். வைக்கும்போது ஒன்றும் தெரியாது. பிறகு தோல் வெந்து போகும். உட்கார முடியாது. அதன் பிறகு ஆபரேஷன்.

கண் விழித்தபோது தாகம். இடது பக்கம் வயிற்றில் பை ஒட்டியிருந்தது. உள்ளே குடலின் முனை சிவப்பாகத் தெரிந்தது. ஸ்டோமா என்றார்கள் (குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்த வாய்). தொட்டால் வலிக்காது. பார்க்கத்தான் முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும். பிறகு பழகும். கீழேயும் பெரிய கட்டுப் போட்டிருந்தது. உள்ளே வேலை செய்திருக்கிறார்கள், புண் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். நம்மால் பார்க்க முடியாத இடம் அது. வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா. தங்கச்சிமடத்துக்காரி. அவளுக்கும் குடலில் கட்டி, அவளுக்கும் பை. அவளுக்கு வலது பக்கம். அவள் இருந்ததால்தான் அந்த வார்டில் எனக்குப் பொழுது போனது.

"இவன் எனக்கு ரெண்டாவது புருசன் யக்கா" என்று பையைத் தட்டிக் காட்டுவாள். "மொதப் புருசனாச்சும் மொறைச்சா அடங்குவான். இவன் பெரிய டாக்டர் வந்து நிக்கையில கூசாமச் சத்தம் விடுறான்."

சிரித்தால் தையல் பிடித்து இழுக்கும். சிரிக்காமலும் இருக்க முடியாது.

"போறப்ப இவனை இங்கனயே விட்டுட்டுப் போயிரணும்" என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கச்சி முத்துராக்கு வந்து கூட இருந்தாள். பை மாற்ற நான் கற்றுக்கொண்டேன். புதிதாகப் பை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பையில் ஓட்டையை ஸ்டோமாவின் அளவுக்கே வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். புண்ணானால் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், பை ஒட்டாது. நான் தடவி, கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது பை கழன்று விழுந்தது. முத்துராக்குதான் துடைத்தாள். முகம் சுளிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தார்கள். "கர்ப்பப்பையை எடுத்துட்டாகளாமே" என்றார்கள். "எனக்கும் எடுத்தாச்சு. இந்தா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஒருத்தி நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் ஊரில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். கேன்சர் என்றால் ஒரு பேச்சு, வயிற்றில் மலப்பை என்றால் இன்னொரு பேச்சு. கர்ப்பப்பை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். நல்ல பொய்தான் என்று நானும் தலையை ஆட்டினேன். சேலையைப் பைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டேன்.

அடிக்கடி வெளிக்கி வருகிற மாதிரியே இருக்கும். பையில் அல்ல, பழைய இடத்தில். முட்டிக்கொண்டு நிற்கும். எழுந்து போய் உட்காருவேன். ஒன்றும் வராது. வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அப்படியா?" என்றார். பிறகு, "மடை சரியாகிட்டு வருது. நல்லதுதான்" என்றார்.

முத்துராக்கு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆமாக்கா" என்றாள். கீரையை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

அன்று முதல் அந்த முட்டல் வந்தால் எனக்குச் சந்தோசம். வலித்தாலும் சந்தோசம்.

கோயிலுக்குப் போகவில்லை. பை போனபிறகு சேதுக்கரையில் முழுகிவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். திருப்பூரில் இருக்கும் மகன் கூப்பிட்டான், போகவில்லை. முத்துராக்கு மகளுக்குத் தேவிபட்டினத்தில் கல்யாணம் வந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

"பையோட வந்து மண்டபத்துல ஏன்க்கா சங்கடப்படணும்?" என்றாள் முத்துராக்கு. "அது போகட்டும். வளைகாப்புக்கு நீதான் மொத வளையல் போடணும்."

சரி என்றேன். தாலி கட்டும் நேரம் நான் வீட்டில் சாய்ந்து கிடந்தேன். எதைக் கேட்டாலும் 'பையை எடுத்தபிறகு' என்பதுதான் என் பதில். மழை வந்து போனது. அடுத்த மிளகாய் நாற்று விட்டார்கள். நான் கொல்லைப் பக்கம் போகவில்லை.

மதுரைக்கு மாதாமாதம் காட்டப் போவோம். வீட்டுக்காரர் முதலில் உள்ளே போய்ப் பேசுவார். பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். திரும்பிப் படுக்கச் சொல்லிப் புண்ணைப் பார்ப்பார்கள். "நல்லா மூடியிருக்கு" என்பார்கள். கழுவும்போது கைக்கும் தழும்பு மேடுதான் தட்டும்; புண்தான் மூடியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பிலோமினா போன் போட்டாள்.

"யக்கா, என் ரெண்டாம் புருசன் போயிட்டான். தச்சு உள்ள தள்ளிட்டாக. நேத்து நானாப் போனேன். ரொம்ப நாளைக்கி அப்புறம் கக்கூசுல உக்காந்து அழுதேன் யக்கா. சிரிக்காத. ஒனக்கு எப்ப?"

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சொல்லுவாக" என்றார். அவளுக்கு எனக்குப் பிறகுதான் ஆபரேஷன் என்றேன். "ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றார். நானே கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது அவர் மருந்து வாங்குகிற வரிசையில் நின்றார். என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரைத் தேடாமல் உள்ளே போனேன். புது டாக்டர். என் மகன் வயசு இருக்கும்.

"சொல்லுங்கம்மா."

"பையை எப்ப எடுப்பீக டாக்டர்?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பையையா? அதை ஆபரேஷன் அன்னிக்கே எடுத்தாச்சேம்மா."

நான் குனிந்து பார்த்தேன். சேலையை விலக்கிக் காட்டினேன். "இந்தா தொங்குதே."

"அது இல்லம்மா. நான் கர்ப்பப்பையைச் சொன்னேன்."

"கர்ப்பப்பையவா?"

"கட்டி முன்பக்கம் அதுல ஒட்டியிருந்திருக்கு. அதனால சேர்த்து எடுத்திருக்காங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாது" என்றேன். "அப்ப இந்தப் பை?"

"இது நிரந்தரம்மா. ஆசனவாயை எடுத்தாச்சுல்ல, அப்புறம் எப்படி மாத்த முடியும்?"

"ஆசனவாய்னா என்னது?"

அவர் நர்ஸைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது அவருக்கு. நர்ஸ் என் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். "வெளிக்கிப் போற வழிம்மா. அதை எடுத்துட்டுத் தச்சு மூடியாச்சு."

மூடியிருக்கு என்று மாதாமாதம் அவர்கள் சொன்னது அதைத்தான்.

கர்ப்பப்பை என்று ஊருக்குச் சொன்னது நிஜம். எனக்குச் சொன்னதுதான் பொய். இரண்டு பிள்ளை சுமந்த பை அது. மூத்தது தங்கவில்லை, இரண்டாவது திருப்பூரில் இருக்கிறது. அந்தப் பை போனது ஊருக்கே தெரிந்திருக்கிறது. 'நான் கல்லு மாதிரி இருக்கேன்' என்று வந்து தேற்றினாளே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. விலக்கு நின்றதைக்கூட வயசு என்றுதான் நினைத்திருந்தேன். இனி அந்தப் பைக்கு வேலை இல்லைதான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் எழுந்திருக்கவில்லை. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். அவரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேனே" என்றார்.

"ஒடம்பு என்னுது டாக்டர்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொன்னாரு. பக்குவமாத் தானே சொல்றேன்னாரு."

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்" என்றார்.

"என்னென்ன எடுத்தீகன்னு பேரோட சொல்லுங்க. குடலுன்னு மட்டும் சொல்லாதீக."

சொன்னார். மலக்குடல் (குடலின் கடைசிப் பகுதி, மலம் வந்து தங்கும் இடம்). ஆசனவாய். அதைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை (மலத்தை அடக்கி வைப்பது). கர்ப்பப்பை. அதன் இரண்டு பக்கமும் இருந்த சூலகங்கள் (கருமுட்டை உண்டாகும் இடம்). கட்டி சுருக்குத்தசையிலேயே ஏறியிருந்ததால் வழியை விட்டுவைக்க முடியவில்லை என்றார். அதை நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். எடுத்தது தப்பில்லை.

"அப்ப எனக்கு இன்னும் வர்ற மாதிரியே இருக்கே?"

"எடுத்தது நரம்புக்குத் தெரியாதும்மா. காலை எடுத்தவங்களுக்கும் இல்லாத கால் அரிக்கும். கொஞ்ச வருசம் இருக்கலாம். அப்புறம் குறையும்."

நரம்புக்கும் யாரும் சொல்லவில்லை போல.

வெளியே வந்தேன். வீட்டுக்காரர் மருந்துக் கவரோடு வேப்ப மரத்தடியில் நின்றார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மடைன்னு சொன்னீக" என்றேன். "மடையே இல்லையாமுல்ல. கரையோட கரையா அடைச்சுட்டாகளாம்."

"மெதுவா."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"முத்துராக்குக்கு?"

"தெரியும். அவளை வையாத. நான்தான் சொல்லக்கூடாதுன்னேன்."

"ஏன்?"

"சொன்னா நீ அந்த மேசையில படுத்திருக்கமாட்ட. செத்தாலும் பரவாயில்லன்னு வீட்டுக்கு வந்திருப்ப. எனக்கு நீ இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

"படுத்திருப்பேன்" என்றேன்.

அவர் கவரின் வாயை மடித்து மடித்துச் சுருட்டினார்.

"படுத்திருப்பேன். சரி, அதுக்கு முன்னால சொல்லல. பின்னால? இந்தா சரியாயிரும், இந்தா சரியாயிரும்னு ஒரு வருசம் மூலையில உக்கார வச்சீகளே. வலிச்சா நல்லதுன்னீகளே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். கண்ணைத் துடைத்தார். எனக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

இதைப் படிப்பவர்களில் சிலர் நாளைக்கோ மறுநாளோ மேசையில் படுக்கப் போகிறவர்களாக இருப்பீர்கள். குடல் என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். எந்தக் குடல், எது வரைக்கும் என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பை என்றால் எந்தப் பை, எத்தனை நாளைக்கு என்று நீங்களே கேளுங்கள். தற்காலிகம் என்றால் தற்காலிகம், நிரந்தரம் என்றால் நிரந்தரம். நிரந்தரத்தோடு வாழ முடிகிறது. வராத நாளுக்குக் காத்துக்கொண்டு வாழ முடியாது. கூடப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். தாங்கமாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

வளைகாப்புக்குப் போனேன். பையோடு போனேன். முதல் வளையலை நான்தான் போட்டேன். முத்துராக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாமா சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை நகர்த்தினேன். இப்போது அவளோடு பேசுகிறேன், சமையல், மழை, பிள்ளை பற்றி. பழைய மாதிரி இல்லை.

கொல்லைக்கும் போகிறேன். குத்தவைத்து உட்கார முடியாது. சின்ன முக்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பழம் பறிக்கிறேன். முன்பெல்லாம் விடிந்ததும் நான் எழுந்து போய் உட்கார்ந்தால்தான் உடம்பு வேலையைத் தொடங்கும். இப்போது உடம்பு எனக்கு முன்னாலேயே அதன் போக்கில் வேலையை முடித்து வைத்திருக்கிறது. காத்திருந்த வருசத்தில் ஒவ்வொரு நாளும் அடுத்த ஒரு நாளுக்காகவே கழிந்தது. இப்போது திங்கள் என்றால் திங்கள்தான்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு கேட்க நான் உள்ளே போனேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வழக்கம்போல அவரைத்தான் பார்த்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே வந்ததும் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாக?"

"சுத்தமா இருக்காம்."

என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா?"

"நெசம்."

"எதையும் மறைக்கலையே?"

நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பஸ் பரமக்குடியைத் தாண்டும்போது மறுபடி கேட்டார். பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். நான் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

"கல்லீரல்ல இல்ல. நுரையீரல்ல இல்ல. மலக்குடல் இருந்த எடத்துல இல்ல. ஆசனவாய் இருந்த எடத்துல இல்ல. கர்ப்பப்பை இருந்த எடத்துலயும் ஒண்ணும் இல்ல."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மெதுவாச் சொல்லு" என்றார் இவர்.

"இனிமே மெதுவாச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் நம்பினாரா என்று தெரியாது. ராமநாதபுரம் வரும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த முறை அவரையும் உள்ளே கூட்டிப் போனால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். கூட்டிப் போவேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

பஸ்ஸில் பை மெதுவாக நிறைந்தது. கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. அது என்னைக் கேட்டு நிறைவதில்லை. என்னைக் கேட்காமல் நடந்ததில் இது ஒன்றோடுதான் எனக்குச் சண்டை இல்லை.